பேரில்லாச் சேவகன்

அம்மாக்கண்ணுவைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் எங்கள் தோட்டத்தில் இரண்டு பேர் என்னோடு சண்டைக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பொம்பளையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்றார் ஒருத்தர். எழுதினால் அவள் மானம் போகும் என்றார் இன்னொருத்தர். அவள் மானம் போன அன்றைக்கு வாசலில் நின்று வாய் பார்த்தவர்கள்தான் இருவரும். இப்போது அக்கறை பொத்துக்கொண்டு வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கொட்டகலைக்கு மேலே இருக்கிற தோட்டம் எங்களுடையது. நான் அங்கேயே பிறந்தவள். கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது முடித்துவிட்டு, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே டீச்சராக வந்தேன். அம்மாக்கண்ணு என்னைவிடப் பத்து வயது மூத்தவள், கொழுந்து பறிக்கிறவள். பிள்ளை குட்டி கிடையாது. புருஷன் சின்னராசா செடி வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்தால் தேயிலைச் செடி சொன்னபடி கேட்கும் என்பார்கள். 1942ஆம் வருடம் பிறந்ததும் ஹட்டனில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். சின்னராசா கவ்வாத்துக் கத்தியைக் கூரையில் செருகிவிட்டு லொறியில் ஏறிப் போனான். போகும்போது, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயமே கூடி நின்று கும்பிட்டது. துரைகூட பங்களா வாசலில் நின்று கையை ஆட்டினாராம்.

சண்டை முடிந்தது. போனவர்களில் சிலர் பூட்ஸும் கம்பளியுமாகத் திரும்பி வந்தார்கள். சின்னராசா வரவில்லை. செத்தான் என்றும் சேதி இல்லை, இருக்கிறான் என்றும் சேதி இல்லை. ஒபீசில் கேட்டால், எங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்று கிளாக்கர் ஐயா தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்வார்.

1948இல் சுதந்திரம் வந்தது. அந்த வருடம் முடிவதற்குள், தோட்டத்தில் கிடக்கிற நாங்கள் இந்த நாட்டுக்காரர்களே இல்லை என்று சட்டமும் வந்தது. லயத்தில் எல்லோரும் தாங்கள் எந்த நாட்டு ஆள் என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாக்கண்ணுவுக்கு அந்தக் கவலைக்கு நேரமில்லை. தான் சுமங்கலியா தாலியறுத்தவளா என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

இது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் எங்கள் லயத்தில் ஒரு மாதம் இருந்து பார்க்க வேண்டும். பெரிய கங்காணி வீட்டுக் கல்யாணத்தில் ஆலாத்தித் தட்டை எடுக்கப் போனாள் அம்மாக்கண்ணு. கங்காணியின் பெண்டாட்டி அவள் கையிலிருந்த தட்டை வாங்கி அடுத்தவளிடம் கொடுத்தாள்.

“நீ வேணாம் அம்மாக்கண்ணு. ஒரு பக்கமா உக்காரு.”

“ஏங்க? நான் என்ன தாலியறுத்தவளா?”

“அது தெரிஞ்சா நாங்க சொல்ல மாட்டோமா?”

அவ்வளவுதான். சாப்பாட்டுப் பந்தியில் அவளுக்கு இலை போட்டார்கள், பாயசம் ஊற்றினார்கள், எல்லாம் செய்தார்கள். அவள் ஒரு பருக்கை தொடவில்லை. குழாயடியில் அதைவிட மோசம். சின்னராசா எங்கேயோ எவளையோ சேர்த்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசுவார்கள். அவள் வாளியோடு வந்தால் பேச்சு நின்றுவிடும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆம்பிளை யாராவது செத்தால் கருமாதி அன்று பகலில் படுகளம் படிப்பார்கள். இரண்டு ராஜாக்களின் சண்டையைச் சொல்லும் பழைய பாட்டுக்கதை அது. கதையின் கடைசியில், எல்லோரும் ஓடிப்போன பிறகு ஒரு சேவகன் மட்டும் தனியாக நின்று சண்டை போட்டு விழுவான். பாட்டில் அவனுக்குப் பெயர் இல்லை. அந்த இடத்தில் படிக்கிறவர் செத்தவருடைய பெயரை வைத்துப் பாடுவார். பெயரைக் கேட்டதும் பெண்டாட்டி எழுந்து தாலியைக் கழற்ற வேண்டும். அதோடு சாவு முடிந்தது, அவள் விதவை, யாருக்கும் சந்தேகமில்லை. வெளியூரில் செத்து உடல் வந்து சேராதவருக்கு மானாப்புல்லில் ஓர் ஆளைக் கட்டி, அவருடைய சட்டையை மாட்டி, முன்னால் கிடத்திப் படிப்பார்கள். பிறகு அந்தப் புல் ஆளை ஆற்றோரத்தில் எரிப்பார்கள். வயிற்றுப்போக்கில் செத்த கிழவனும் எங்கள் தோட்டத்தில் மார்பில் வேல் வாங்கித்தான் சாவான். பொம்பளைகளுக்கு இதெல்லாம் கிடையாது. நாங்கள் சும்மா செத்தால் போதும்.

படுகளம் படிக்கிறவர் கந்தப்பன். கோயில் வேலையும் அவர்தான் பார்ப்பார். அம்மாக்கண்ணு வெற்றிலை பாக்கோடு அவரிடம் போய், என் புருஷனுக்குப் படியுங்கள் என்று கேட்டாள். அவர் தட்டைத் தொடவில்லை.

“செத்த சேதி வராம எப்படிம்மா படிக்கிறது? உசிரோட இருக்கிற ஆளுக்குப் படுகளம் படிச்சா, படிச்சவன் வாயி அழுகிப்போகும்.”

“அவரு செத்துட்டாருங்க. எனக்குத் தெரியும்.”

“உனக்குத் தெரிஞ்சா போதுமா?”

மூன்று வருடம் விடாமல் கேட்டாள். மூன்று வருடமும் அவர் அதே பதிலைச் சொன்னார். அவருடைய வாய் அழுகிவிடுமாம். அழுகியிருந்தால் தோட்டத்துக்கு ஒரு நஷ்டமும் வந்திருக்காது.

1951இல் ஒரு சாயங்காலம் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, கூடையும் தலையுமாக நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். “டீச்சர், எனக்குப் படிக்கக் கத்துக் குடுங்க” என்றாள். எதற்கு என்றேன். “படுகளம் படிக்கணும். அந்த ஆளு படிக்காட்டிப் போறாரு. எம் புருஷனுக்கு நானே படிச்சுக்கிறேன்.”

எனக்கு அந்தப் பாட்டைக் கண்டாலே பிடிக்காது. முக்கால்வாசிப் பாட்டில் யானை வரும், குதிரை வரும், கொடி வரும், வேறு ஒன்றும் நடக்காது. ஆனால் நாற்பதை எட்டப்போகும் ஒரு பெண் வாசலில் நின்று எழுத்துக் கேட்கும்போது, உனக்கு இது வேண்டாம், வேறு ஏதாவது படி என்று சொல்ல எந்த டீச்சருக்கு வாய் வரும்?

புத்தகம் பக்கீர் கொண்டுவந்தார். அவர் ஹட்டனிலிருந்து மாதம் ஒரு தடவை துணி மூட்டையோடு லயம் லயமாக வருகிற வியாபாரி. நுவரெலியா, ராகலை வரைக்கும் போகிறவர். எங்கேயோ பழைய சாமான் கடையில் அட்டை போன பிரதி ஒன்றைத் தேடிப் பிடித்து, சீத்தைத் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்து அம்மாக்கண்ணுவிடம் கொடுத்தார்.

நான் பாலர் வகுப்புப் புத்தகத்தை எடுத்தேன். ஆடு, இலை என்று ஆரம்பித்தேன். இரண்டு நாள் பொறுமையாகக் கேட்டாள். மூன்றாம் நாள், “ஆடும் மாடும் எனக்கு எதுக்கு டீச்சர்? சண்டைக்கு வாங்க” என்றாள். சரியென்று பாட்டிலிருந்தே எழுத்துக் கற்றுக்கொடுத்தேன். குதிரைக்குக் கு. வேலுக்கு வே. அவளுக்கு அரிச்சுவடியே சேனையும் ஆயுதமுமாகத்தான் வந்தது. கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்துவாள். விரல் நகர்ந்த இடமெல்லாம் கறை பிடித்து, ஒரு வருடத்தில் அந்தப் புத்தகம் தேயிலைச் சாயம் குடித்த மாதிரி ஆகிவிட்டது.

படித்தாள் என்றால் சும்மா தலையாட்டிப் படிக்கிறவள் இல்லை. வரிக்கு வரி என்னோடு மல்லுக்கு நிற்பாள். படை புறப்படுகிற இடத்தில் இத்தனை ஆயிரம் யானை, இத்தனை ஆயிரம் தேர் என்று பக்கம் பக்கமாக வரும். “கண்டாக்கு ஐயா காலையில பெரட்டுக் களத்துல வேலைக்கு ஆள் எண்ணுற மாதிரில்ல இருக்கு” என்று சிரித்தாள். பிறகு யோசித்துவிட்டு, “இத்தனை பேருக்கும் யாரு சோறாக்குனா?” என்று கேட்டாள். பாட்டில் சோறு வருகிற இடமே இல்லை என்று அப்போதுதான் நானும் கவனித்தேன்.

குருதி என்று ஒரு சொல் வந்தது. இரத்தம் என்று அர்த்தம் சொன்னேன்.

“அப்ப ரத்தம்னே சொல்லலாமே.”

“பாட்டுக்கு அழகா இருக்கணும்ல.”

“பேரை மாத்திச் சொன்னா வலிக்காதோ?” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்குப் பாடத்தை அதோடு நிறுத்திவிட்டேன். ஆனால் வீட்டுக்கு நடந்து போகும்போது அந்தப் பாட்டு என் மண்டைக்குள் வேறு மாதிரி ஓட ஆரம்பித்தது. அம்பு விழுகிற இடத்தில் அம்பை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தேன். பிடிக்காத பாட்டை எனக்குப் பிடிக்க வைத்தவள் அவள்தான். இதைச் சொல்வதில் எனக்கு ஒன்றும் கூச்சமில்லை.

பேரில்லாச் சேவகன் வருகிற பக்கத்துக்கு வந்தபோது அவளுக்கு எழுத்துக்கூட்டுகிற வேலை முடிந்து, ஓட்டமாகப் படிக்க வந்துவிட்டது.

*பேரில்லாச் சேவகனாம் பெற்றவட்கு ஒருமகனாம்*
*ஊரெல்லாம் ஓடிடவும் ஒற்றையிலே நின்றானாம்*
*மாரிலே வேல்வாங்கி மண்ணணைத்துச் சாய்ந்தானாம்*

மூன்று வரியையும் படித்துவிட்டு விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“ராஜாவோட யானைக்குப் பேரு இருக்கு. குதிரைக்குப் பேரு இருக்கு. நின்னு செத்தவனுக்கு இல்லையா டீச்சர்?”

“அதுக்குத்தானே நம்ம ஆளுங்க பேரை வைக்கிறாங்க.”

“மத்தவங்க எல்லாம் ஓடுனாங்களே, அவங்க எங்க போனாங்க?”

“அது பாட்டுல இல்ல.”

“வீட்டுக்குத்தான் போயிருப்பாங்க. ஓடிவந்த ஆம்பிளைக்குச் சோறு போட ஒரு பொண்டாட்டியும் இருந்திருப்பா. அவ தண்ணிக்குப் போற எடத்துல மூஞ்சிய எங்க வச்சுக்குவா?” என்று சொல்லி முகத்தைச் சுளித்தாள். தன் புருஷன் அப்படி இல்லை என்பதில் அவளுக்குப் பெருமை. அந்த மூன்று வரியும் சின்னராசாவைப் பற்றியே யாரோ எழுதி வைத்தது என்று நம்பிவிட்டாள். அவன் எங்கே நின்றான், எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வந்தான் என்றெல்லாம் என்னிடமே கதை சொல்ல ஆரம்பித்தாள். நானும் கேட்டுக்கொண்டேன்.

1953 சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படுகளம் வைத்தாள். பொம்பளை படிக்கிறாள் என்று பக்கத்துத் தோட்டத்திலிருந்தெல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். மானாப்புல்லில் ஆள் கட்டி, பெட்டியில் மடித்து வைத்திருந்த சின்னராசாவின் கோட்டை மாட்டினார்கள். கந்தப்பன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கேட்கிற தூரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். அம்மாக்கண்ணு காலையில் தொடங்கினாள். சிரிக்க வந்தவர்கள் மத்தியானத்துக்குள் அடங்கிவிட்டார்கள். கந்தப்பன் பாட்டை ஒப்பிப்பார். இவள் சண்டையைச் சொன்னாள். குருதி என்று வந்த இடத்திலெல்லாம் ரத்தம் என்றே படித்தாள், நான் தடுக்கவில்லை.

பெயர் வைக்கிற இடம் வந்தது. “சின்னராசா சேவகனாம்” என்று பாடினாள். அந்தக் குரலை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். படிக்கிறவளும் அவளே, பெண்டாட்டியும் அவளே. புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, யாரும் தொடுவதற்கு முன் தானே தாலியைக் கழற்றிப் புல் ஆளின் மார்பில் வைத்தாள். பெரிய கங்காணியின் பெண்டாட்டி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு குழாயடியில் அவளுக்கு முதல் இடம். லயத்தில் அவளை வீரன் பெண்டாட்டி என்று தலைமேல் தூக்கி வைத்தார்கள். கருமாதி வீடுகளில் கந்தப்பனை விட்டுவிட்டு அம்மாக்கண்ணுவைக் கூப்பிட்டார்கள். வட்டவளைத் தோட்டங்களிலிருந்து ஆள் வந்து கூட்டிப் போனார்கள். விதவைக்கு அத்தனை மரியாதை நடந்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. வெள்ளைச் சேலையில் அவள் நிமிர்ந்து நடந்தாள். அவளுக்கு அது போதுமாயிருந்தது. உலகத்துக்குத்தான் போதவில்லை.

1960இல் பக்கீர் வந்தார். துணி மூட்டையை அவிழ்க்காமல் அம்மாக்கண்ணுவின் லயத்து அறையான காம்பிரா வாசலில் உட்கார்ந்து, என்னையும் ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

“புள்ள, நான் சொல்லாமலும் இருக்க ஏலாது. சொன்னா ஒங்க வயிறு எரியும். ராகலைச் சந்தையில சின்னராசாவக் கண்டேன். கோவாவும் உருளைக்கிழங்கும் வச்சு விக்கிறாரு. கிட்டப் போய்ப் பேசினேன். அவரேதான்.”

அம்மாக்கண்ணு அவரை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. “மாறி யாரையாவது பாத்திருப்பீங்க பாய்” என்று சொல்லிவிட்டு, அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். மறு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்து, “டீச்சர், ராகலைக்கு வாறீங்களா?” என்றாள்.

நுவரெலியாவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து ராகலைக்கு இன்னொரு பஸ். சந்தையில் இறங்கியதும் எனக்கு முன்னால் அவள் கண்டுவிட்டாள். அவன் சாக்கை விரித்து, கோவா என்கிற முட்டைக்கோஸ் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் ஒரு பெண் உருளைக்கிழங்கை நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பெயர் நாகலெட்சுமி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அம்மாக்கண்ணுவைக் கண்டதும் அவன் எழுந்து எங்களைச் சந்தைக்குப் பின்பக்கம் கூட்டிப் போனான்.

“எந்தச் சண்டையில இருந்தீங்க?” என்று கேட்டாள் அம்மாக்கண்ணு. எங்கே போனாய், ஏன் வரவில்லை என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் சண்டையைத்தான் கேட்டாள்.

“என்ன சண்டை? எங்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோயி ரோட்டு வேலை வாங்குனான். துப்பாக்கிய நான் கண்ணாலதான் பாத்தேன். ஒருநாள் காலையில ஜப்பான்காரன் மேல வந்து குண்டு போட்டான். ரோட்டோரத் தண்ணிக் கான்ல குப்புற விழுந்து அம்மா அம்மான்னு கத்துனேன். பக்கத்துல கெடந்தவன் செத்துட்டான். எந்திரிச்சு ஓடுனவன்தான். ராகலை வந்துதான் நின்னேன்.”

“எங்கிட்ட வந்திருக்கலாமே.”

“மொதல்ல அங்கதானே தேடி வருவான்? புடிச்சா ஜெயிலு.”

“சண்டை முடிஞ்சப்புறம்?”

அவன் சந்தைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். “அதுக்குள்ள இவ வந்துட்டா” என்றான். பிறகு சட்டென்று அவனுக்கே கோபம் வந்துவிட்டது. “வரணும்னு நெனைக்காமலா இருந்தேன்? அம்பத்தி மூணுல வரத்தான் கெளம்புனேன். அப்பதான் நீ எனக்குப் படுகளம் படிச்சிட்டேன்னு கேள்விப்பட்டேன். தோட்டமே என்னை வீரன்னு சொல்லுதாம். நெஞ்சுல வேல் வாங்குனவன் கோவா மூட்டையோட எப்படி வந்து நிக்கிறது? நீதானே வழிய அடைச்ச?”

எனக்கு ரத்தம் கொதித்தது. அத்தனை வருடம் கட்டின பெண்டாட்டியைக் கை கழுவிவிட்டு ஒளிந்து கிடந்தவன், பழியைத் தூக்கி அவள் தலையிலேயே போடுகிறான். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாக்கண்ணு என் கையைப் பிடித்து இழுத்தாள். “பஸ்ஸுக்கு நேரமாச்சு டீச்சர்” என்றாள்.

அவன் சொன்னது பொய்யா மெய்யா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. பொய்யாக இருந்தால் அவன் அயோக்கியன். மெய்யாக இருந்தால் அதைவிடக் கொடுமை. அவனுக்காகவே அவள் கற்ற எழுத்து அவனைத் திரும்பி வரவிடாமல் செய்திருக்கிறது என்று ஆகும். அவள் அதைத்தான் மென்றுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். அவளே ஒருநாளும் சொன்னதில்லை.

தோட்டத்தில் யாருக்கும் விஷயம் தெரியாது. பக்கீர் வாயைத் திறக்கிறவர் இல்லை. அம்மாக்கண்ணு வெள்ளைச் சேலையோடு அப்படியே நடமாடினாள். கருமாதி வீடுகளில் கூப்பிட்டால் போய்ப் படித்தாள். முன்பு பேரில்லாச் சேவகன் வந்தால் குரல் உடையும். இப்போது உடையவில்லை. அந்த மூன்று வரியையும் கவ்வாத்து வெட்டுவதுபோல நறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவாள். “எப்படி உன்னால படிக்க முடியுது?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“செத்தவங்க வீட்டுக்காரங்க என்ன பாவம் செஞ்சாங்க டீச்சர்? அவங்க ஆளு நெசமாத்தானே செத்திருக்கு” என்றாள்.

1964 கடைசியில் எங்கள் தலையை எண்ணிப் பங்கு போட்டார்கள். இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று இரண்டு நாடும் பேசி முடித்துவிட்டதாம். லயம் முழுக்க அதே பேச்சாக இருந்த ஒரு சாயங்காலம், கொழுந்து நிறுக்கிற நேரத்தில், ஒரு பெண் விசாரித்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள். நாகலெட்சுமி. நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் ஒன்றும் இல்லை. லயத்து வாசலில் ஊர் முழுக்கப் பார்க்க அம்மாக்கண்ணுவின் முன்னால் வந்து நின்றாள்.

“அக்கா, அவரு போயிட்டாரு. காய்ச்சல். பொதைச்சாச்சு. ஞாயித்துக்கிழமை கருமாதி. நீங்க வந்து படிக்கணும்.”

“யாரு போயிட்டா?” என்று கேட்டாள் பெரிய கங்காணியின் பெண்டாட்டி. எங்கே என்ன என்று மூக்கை நுழைக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

“சின்னராசா” என்றாள் நாகலெட்சுமி. அந்தப் பெண்ணுக்கு மறைக்கத் தோன்றவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

லயம் அப்படியே நின்றுவிட்டது. கந்தப்பன் மட்டும் தன் காம்பிரா வாசலிலிருந்து, “நான் அன்னைக்கே சொன்னேன்ல” என்றார். பதினோரு வருடம் காத்திருந்த சொல், சந்தோஷமாக வெளியே வந்தது. யாரோ பின்னால் சிரித்தார்கள். அப்புறம் நிறையப் பேர் சிரித்தார்கள்.

அம்மாக்கண்ணு சிரித்தவர்கள் பக்கம் திரும்பவில்லை. “அவருக்கு நான் எப்பவோ படிச்சிட்டேன். ஒரு ஆளுக்கு ரெண்டு தடவை படிக்கிறதில்ல. போயிட்டு வா” என்றாள்.

“நீங்க புல்லுக்குப் படிச்சீங்க அக்கா” என்றாள் நாகலெட்சுமி. குத்திப் பேசவில்லை, கெஞ்சுகிற குரல்தான். “நான் ஆளைப் பொதைச்சிட்டு வந்து நிக்கிறேன். எனக்கு அவரு தாலி கட்டல. உங்களுக்குக் கட்டிட்டேன்னு சொல்லிக் கடைசிவரைக்கும் கட்டவே இல்ல. அவரு செத்ததும் அங்க ஒருத்தரும் என்னைப் பொண்டாட்டின்னு சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க. அழுதா, நீ எதுக்கு அழுவுறேன்னு கேக்குறாங்க. நீங்க வந்து படிச்சா, அப்புறம் யாரும் வாயத் தொறக்க முடியாதுல்ல?”

அம்மாக்கண்ணு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் நாகலெட்சுமியை என் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டு, பஸ் ஏற்றிவிட்டேன். அவள் கேட்டது நியாயம். அம்மாக்கண்ணு மறுத்ததும் நியாயம். இப்படிப்பட்ட நேரங்களில் எனக்கு ராஜாக்கள்மேல்தான் ஆத்திரம் வருகிறது. சண்டையைத் தொடங்கி வைத்துவிட்டு யானைக்குப் பெயர் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அம்மாக்கண்ணு புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு என் வாசலில் நின்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ராகலையில் தோட்டக்காரர்களும் சந்தைக்காரர்களுமாக நல்ல கூட்டம். நாகலெட்சுமி ஓர் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. முதல் பெண்டாட்டியே வந்து படிக்கிறாள் என்ற சேதி பரவியதும் இரண்டு பொம்பளைகள் எழுந்துபோய் அவள் அருகே உட்கார்ந்தார்கள். அம்மாக்கண்ணு அதைப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தை விரித்தாள். அன்றைக்கு அவள் படித்ததுபோல நான் எங்கேயும் கேட்டதில்லை. யானைப் படை வந்தபோது மண் அதிர்ந்தது. கூட்டத்தில் ஆம்பிளைகள் அழுதார்கள். கோவா விற்ற ஒருவனுக்காக இரண்டு தேசத்துப் படைகள் மோதிக்கொண்டன.

பேரில்லாச் சேவகன் வந்தான். அம்மாக்கண்ணு நிறுத்தினாள்.

எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் வாய் திறந்தது, பெயர் வரவில்லை. விரல் வரிக்குக் கீழே நின்ற இடத்திலேயே நின்றது. மேளக்காரன் இருமினான். மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று பின்னால் முணுமுணுத்தார்கள். நான் எட்டி அவள் முகத்தைப் பார்த்தேன். மறந்த முகம் அது இல்லை. அந்தப் பெயரை அவளால் இன்னொரு பெண்ணுக்காக எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

நாகலெட்சுமி ஓரத்திலிருந்து எழுந்து நின்றாள். எழுத்து வாசனை இல்லாத பெண், பாட்டும் தெரியாது, மெட்டும் தெரியாது. “சின்னராசா” என்று சத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, கழற்றத் தாலி இல்லாததால், நெற்றிப் பொட்டைப் புறங்கையால் அழித்தாள். பொம்பளைகள் குலவையிட்டு அழுதபடி அவளைக் கட்டிக்கொண்டார்கள். இனி யாரும் அவளை எதற்கு அழுகிறாய் என்று கேட்க மாட்டார்கள்.

அம்மாக்கண்ணு மிச்ச வரிகளைப் படித்து முடித்தாள். ஒரு எழுத்து விடவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. நுவரெலியா வரைக்கும் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நல்ல காரியம் செய்தாய் என்று ஏதோ உளறினேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“ரெண்டு தடவை செத்தாரு டீச்சர்” என்றாள். “ஒரு தடவைகூட எம் புருஷனா சாகல.”